டாப்சோனியன் மவுண்டுக்கு எந்தப் பேரிங், எவ்வளவு பெரிது?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: 8 அங்குல எஃப்/6 நியூட்டோனியன் தொலைநோக்கிக்குக் (8 அங்குலக் குழி கண்ணாடி, குவியத் தொலைவு அதன் விட்டத்தைப் போல ஆறு மடங்கு) குழாய் தயார். அதைத் தாங்க பிளைவுட்டில் டாப்சோனியன் பெட்டி (குழாயை மேலும் கீழும் சாய்க்கவும், பெட்டியோடு சேர்த்துப் பக்கவாட்டில் சுழற்றவும் விடும் எளிய தாங்கி, அதாவது மவுண்ட்) செய்யப் போகிறார். பால் பேரிங் போடுவதா, டெஃப்லானா, சுலபமாகக் கிடைக்கிற நைலானா, இவற்றில் எது அதிக வழவழப்பு, என்ன அளவில் வெட்டுவது என்று கேட்கிறார். பேரிங் பெரிதாக இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னதாகவும், ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

"எது அதிக வழவழப்பு" என்ற இடத்தில்தான் கேள்வி கொஞ்சம் தடம் மாறுகிறது. கையால் தள்ளி இயக்கும் தொலைநோக்கிக்கு பேரிங் என்பது பாதி பேரிங், பாதி பிரேக். தள்ளினால் நகர வேண்டும், கையை எடுத்த இடத்தில் நிற்கவும் வேண்டும். பூட்டு, கிளாம்ப் எதுவும் கிடையாது. நிறுத்துவது உராய்வு மட்டும்தான். ஆகவே உராய்வே இல்லாத பொருள் நமக்கு வேண்டாம். அளவான உராய்வு வேண்டும், அதைவிட முக்கியமாக, அது சீராக இருக்க வேண்டும்.

எவ்வளவு சீராக என்பதற்கு ஒரு கணக்கு. உங்கள் கண்ணாடியின் குவியத் தொலைவு 1200 மி.மீ. அதில் 6 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 200 மடங்கு உருப்பெருக்கம். 50 பாகை தோற்றப் புலம் (கண் வைத்தால் தெரியும் வட்டத்தின் அகலம்) உள்ள சாதாரண ஐபீஸ் என்றால், வானத்தில் தெரிவது கால் பாகை, அதாவது 15 ஆர்க்மினிட் (பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்மினிட்). பூமி சுழல்வதால் வான நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு கோள் அந்தப் புலத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். அதனால் சில நொடிகளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று ஆர்க்மினிட் அளவுக்கு நீங்கள் குழாயை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அச்சிலிருந்து உங்கள் கை இருக்கும் தூரம் 700 மி.மீ. என்றால், ஒரு ஆர்க்மினிட்டுக்கு கை நகர்வது வெறும் 0.2 மி.மீ. தள்ளியதும் குழாய் "டக்" என்று ஒரு மி.மீ. தாவினால் ஐந்து ஆர்க்மினிட் போயிற்று, பார்வைப் புலத்தில் மூன்றில் ஒரு பங்கு. வியாழனை நடுவில் வைக்க முயன்று, இந்தப் பக்கம் ஒரு தாவல் அந்தப் பக்கம் ஒரு தாவல் என்று போராடுவதெல்லாம் இந்த ஒரு மில்லிமீட்டரின் வேலை.

இந்தத் தாவல் ஏன் வருகிறது? நின்றுகொண்டிருக்கும் பொருளை நகரத் தொடங்க வைக்க ஒரு விசை தேவை. நகர ஆரம்பித்த பிறகு அதைவிடக் குறைந்த விசை போதும். முன்னது ஓய்வுநிலை உராய்வு, பின்னது இயக்க உராய்வு. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், நீங்கள் தள்ளும்போது குழாயும் பெட்டியும் கொஞ்சம் வளைந்து வில்லைப் போல விசையைச் சேமித்துக்கொள்கின்றன. பிடிமானம் விட்டதும் அந்த விசை மொத்தமும் ஒரே நொடியில் வெளியே வருகிறது. பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். உராய்வின் மொத்த அளவை அப்புறம் பேரிங்கின் விட்டத்தை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். இடைவெளியை அப்படிச் சரிசெய்ய முடியாது.

இப்போது பொருட்களுக்கு வருவோம். பால் பேரிங்கை முதலில் ஒதுக்கிவிடலாம். அதன் உராய்வுக் குணகம் (நகர்த்தத் தேவைப்படும் விசை, தாங்கும் பாரத்தில் எத்தனை பங்கு என்ற எண்) 0.001, 0.002 என்ற அளவில்தான் இருக்கும். 8 அங்குலத்துக்கு அது வெறும் வழுக்கல். ஐபீஸை மாற்றினால் குழாய் தலை குனியும், காற்று அடித்தால் திரும்பிக்கொள்ளும். பிறகு நீங்களே ஒரு பிரேக் செய்து மாட்ட வேண்டியிருக்கும். அந்த பிரேக் கட்டைக்கு என்ன பொருள் என்று யோசித்தால் மறுபடி டெஃப்லானுக்குத்தான் வந்து நிற்பீர்கள். ஸ்கேட்போர்டில் வரும் 608 பேரிங்குகளைப் பெரிய தொலைநோக்கிகளில் பாரத்தில் ஒரு பகுதியை மட்டும் தாங்க வைப்பவர்கள் உண்டு. அங்கே பிரச்சினையே வேறு, பின்னால் சொல்கிறேன்.

டெஃப்லான், அதாவது பி.டி.எஃப்.இ., இந்த வேலைக்கென்றே பிறந்ததோ என்று தோன்றும். அதன் ஓய்வுநிலை உராய்வும் மெதுவாக நகரும்போதுள்ள உராய்வும் ஏறத்தாழ ஒன்றுதான். வேகம் கூடக் கூட உராய்வும் கூடுகிறது, பெரும்பாலான பொருட்களில் நடப்பதற்கு நேர்மாறாக. அதனால் தாவல் தொடங்கினாலும் அதுவே அடக்கிவிடும். இந்த வகை மவுண்டைப் பரப்பிய ஜான் டாப்சன் இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்த மனிதர் அவர். கையில் காசில்லாமல், கிடைத்த பிளைவுட்டையும் அட்டைக் குழாயையும் வைத்துச் செய்தார். பழைய இசைத்தட்டைக்கூட பேரிங் பரப்பாகப் போட்டிருக்கிறார். 1968-இல் நடைபாதை வானியலாளர்கள் குழு தொடங்கி, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். அவருடைய டெஃப்லான் துண்டு இன்றுவரை மாறவில்லை, எதிர்ப்பரப்புதான் மாறியிருக்கிறது.

அந்த எதிர்ப்பரப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டெஃப்லானை வெறும் மரத்தின் மேலோ பெயின்ட் மேலோ ஓட விடக் கூடாது. சமையலறை மேடைகளுக்கு ஒட்டும் ஃபார்மிகா போன்ற லேமினேட் வேண்டும், அதுவும் கண்ணாடி போலப் பளபளக்கும் ரகம் வேண்டாம். மேலே விரலை ஓட்டினால் சின்னச் சின்ன மேடு பள்ளம் தட்டுப்படும் சொரசொரப்பு ரகம்தான் நன்றாக ஓடும். தொடும் பரப்பு உண்மையில் அந்த மேட்டு நுனிகளில் மட்டும் இருப்பதால் ஒட்டிக்கொள்வது குறைகிறது. வெளிநாட்டு அமெச்சூர்கள் எபனி ஸ்டார் என்ற லேமினேட்டைக் கொண்டாடியதற்குக் காரணம் இந்தப் பரப்புதான். கறுப்பு நிறத்துக்கு அதில் பங்கில்லை. சுவருக்கு அடிக்கும் கூழாங்கல் பதிவு போன்ற ஃபைபர்கிளாஸ் தகடும் நன்றாக வேலை செய்யும்.

டெஃப்லான் வாங்கும்போது வெள்ளை நிறத்தில், கலப்பில்லாத ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடி இழை, கார்பன், வெண்கலத் தூள் கலந்த ரகங்கள் தொழிற்சாலை இயந்திரங்களுக்கானவை. அவை அழுத்தத்தில் நசுங்காது என்பது உண்மைதான், ஆனால் நமக்கு அந்த அழுத்தமே கிடையாது, லேமினேட்டைத் தேய்ப்பதுதான் மிச்சம். குழாய் வேலைக்காரர்கள் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப் இதற்கு ஆகாது. தடிமன் 3 முதல் 5 மி.மீ. இருந்தால் சரி.

நைலான் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தொடங்கும்போது பிடித்து, பிறகு விடும் குணம் அதற்கு உண்டு. போதாததற்கு ஈரம் உறிஞ்சி உப்பும். பனியில் மணிக்கணக்காக நிற்கும் கருவிக்கு அது நல்ல குணமில்லை. காய்கறி வெட்டும் பலகை செய்கிற எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் நைலானைவிடப் பரவாயில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த, இன்னும் உறுதியான யூ.எச்.எம்.டபிள்யூ. பாலிஎத்திலின் விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு கருத்து. டெஃப்லானைவிட உராய்வு அதிகம் என்பது உறுதி. சிறிய தொலைநோக்கியில் அந்தக் கூடுதல் பிடிப்பு நல்லது என்பார்கள் சிலர்; தொடக்கத்தில் இழுக்கிறது என்பார்கள் வேறு சிலர். என் கைக்கு அது டெஃப்லானுக்கு அடுத்த இடம், அவ்வளவுதான். எந்த லேமினேட்டோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறுவதால், இந்த வாக்குவாதத்தில் இரு தரப்பும் சரியாகவே இருக்கலாம்.

நல்லவேளை, யார் சொல்வதையும் நம்பத் தேவையில்லை, மேசை மேலேயே சோதித்துவிடலாம். லேமினேட் துண்டைப் பலகையில் ஒட்டுங்கள். ஒரு மரக்கட்டையின் அடியில் மூன்று சிறு டெஃப்லான் துண்டுகளைத் திருகி, மேலே மூன்று நான்கு கிலோ பாரம் வைத்து, பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். கட்டை நகரத் தொடங்கும் கோணத்தின் டேன் மதிப்புதான் ஓய்வுநிலை உராய்வுக் குணகம்: 6 பாகை என்றால் 0.1, 10 பாகை என்றால் 0.18. ஆனால் எண்ணைவிட, நகர ஆரம்பித்தபின் கட்டை என்ன செய்கிறது என்று பாருங்கள். நல்ல ஜோடி என்றால் ஊர்ந்து ஊர்ந்து இறங்கும்; பலகையை ஒரு துளி தாழ்த்தினால் நின்றுவிடும். கெட்ட ஜோடி அசையாமல் நின்றுகொண்டே இருக்கும், பிறகு திடீரென்று விட்டு அடிவரை ஓடும். இந்தச் சோதனையில் ஓடுகிற ஜோடி தொலைநோக்கியிலும் தாவும்.

அளவுக்கு வருவோம். உங்கள் குழாய், கண்ணாடி, ஃபைண்டர் (குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கி) எல்லாம் சேர்ந்து 10 கிலோ என்றும், அதைத் தாங்கும் பெட்டி 8 கிலோ என்றும் வைத்துக்கொள்கிறேன். உராய்வுக் குணகம் 0.1. இதில் எடைகள் என் ஊகம்தான், உங்கள் தராசு சொல்வதைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த 0.1 இன்னும் ஆட்டம் காணும் எண்: அழுத்தம் கூடினால் டெஃப்லானின் குணகம் இறங்கும், பரப்பு மாறினால் மாறும், 0.05-லிருந்து 0.2 வரை எங்கும் நிற்கலாம். சாய்வுச் சோதனையில் உங்களுக்கு வருவதுதான் உங்கள் எண்.

மேல்-கீழ் அச்சில் இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு டெஃப்லான் துண்டுகள், வட்ட பேரிங்கைக் கீழிருந்து தாங்கும். ஒரே பக்கத்துத் துண்டுகள் இரண்டுக்கும் இடையே 70 பாகை, அதாவது செங்குத்துக் கோட்டிலிருந்து ஆளுக்கு 35 பாகை. உராய்வால் வரும் திருப்பு விசை என்பது குணகம், எடை, பேரிங்கின் ஆரம் மூன்றையும் பெருக்கி, 35 பாகையின் கொசைனால் வகுத்தது. பெரும்பாலும் செய்வதுபோல 150 மி.மீ. விட்டமுள்ள சின்ன பேரிங் போட்டால் ஆரம் 75, 0.1 × 10 × 75 ÷ 0.82, சுமார் 91 கிலோ-மி.மீ. (நியூட்டன்-மி.மீ. வேண்டுமென்றால் 9.8 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.) 700 மி.மீ. தள்ளி இருக்கும் கைக்கு இது வெறும் 130 கிராம். ஆகா, எவ்வளவு லேசாக நகர்கிறது என்று தோன்றும். இப்போது அச்சிலிருந்து 600 மி.மீ. தள்ளி இருக்கும் ஃபோகசரில் (ஐபீஸைப் பிடித்து முன்பின் நகர்த்தும் பாகம்) 300 கிராம் கூடுதல் எடையுள்ள ஐபீஸைச் செருகுங்கள். குழாய் கிடைமட்டமாக இருக்கையில் அது தரும் திருப்பு விசை 180. உராய்வால் நிறுத்த முடிவது 91. குழாய் தலைகுப்புறச் சாயும். கடையில் வாங்கும் சிறிய டாப்சோனியன்களில் ஸ்பிரிங்கும் இறுக்கும் குமிழும் இருப்பது இதனால்தான்.

பெரிய பேரிங் நல்லது என்று சொன்னவர் சொல்லாமல் விட்ட காரணம் இதுதான். ஆரத்தை 200 மி.மீ. ஆக்கினால் திருப்பு விசை 244. 300 கிராம் ஐபீஸைத் தாங்கும், கைக்குத் தேவைப்படும் விசை 350 கிராம். நகர்வது தெரியும், சுமையாகத் தெரியாது. 500 கிராம் ஐபீஸ் என்றால் தொடுவானத்துக்கு அருகே வழுக்கும் (300-க்கு எதிரே 244), 45 பாகை உயரத்தில் நிற்கும் (212-க்கு எதிரே 244). அவ்வளவு கனமான ஐபீஸ் வைத்திருந்தால் குழாயின் அடியில் ஒரு காந்த எடையை ஒட்டிக்கொள்ளுங்கள், அதற்காக உராய்வை மேலும் ஏற்ற வேண்டாம். 400 மி.மீ. விட்டம் என்றதும் பயப்படாதீர்கள், முழு வட்டம் தேவையில்லை. குழாய் 90 பாகை திரும்ப வேண்டும், துண்டுகளின் இடைவெளி 70, ஆக 160. ஓரத்துக்குக் கொஞ்சம் விட்டு அரைவட்டம் வெட்டினால் போதும்.

பக்கவாட்டு அச்சில் நிலைமை தலைகீழ். அங்கே மொத்தப் பாரம் 18 கிலோ, மூன்று துண்டுகள், மையத்திலிருந்து 200 மி.மீ. தள்ளி. திருப்பு விசை 360. ஆனால் குழாய் மேலே நிமிர நிமிர உங்கள் கைக்குக் கிடைக்கும் நெம்புகோல் சுருங்குகிறது: 45 பாகையில் 495 மி.மீ., 75 பாகையில் 181 மி.மீ. தேவையான விசை முதலில் 730 கிராம், பிறகு 2 கிலோ. 85 பாகையில் கிட்டத்தட்ட 6 கிலோ. அதற்குள் தொலைநோக்கியே நகர்ந்துவிடும். உச்சிவானத்தில் டாப்சோனியன் தடுமாறுவது பிரசித்தம், அதை எந்த பேரிங்கும் முழுதாகத் தீர்க்காது. ஆனால் குறைக்கலாம். துண்டுகளை மையத்துக்கு நெருக்குவது ஒரு வழி. எனக்கு அதில் விருப்பமில்லை, கால்களும் கூடவே உள்ளே வந்தால் பெட்டி சாயும், வராவிட்டால் அடிப்பலகை வளையும். மைய போல்ட்டைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய வாஷர்களைப் போட்டு, பாரத்தில் ஒரு பகுதியை மையத்துக்குக் கொடுப்பது இன்னொரு வழி, இதுதான் நல்லது. மையத்தில் ஆரம் கிட்டத்தட்ட இல்லை என்பதால் அங்கே இறங்கும் எடைக்கு உராய்வுத் திருப்பு விசையும் இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். பெட்டி ஆடத் தொடங்கும் இடத்தில் ஒன்றை எடுத்துவிடுங்கள். பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு மையத்துக்குப் போனாலே 360 என்பது 240 ஆகிவிடும், 45 பாகையில் கைக்கு அரைக் கிலோவுக்கும் கீழே.

இரண்டு அச்சுக்கும் விசை கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும் என்பதை நான் விடாப்பிடியாகச் சொல்வேன். ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு கனத்தால், குறுக்காகத் தள்ளும்போது லேசான அச்சு மட்டும் நகரும், பிறகு மற்றது. கோள் புலத்தில் படிக்கட்டு ஏறுவதுபோல் போகும். தனித்தனியே இரண்டும் நன்றாக ஓடுவதைவிட இரண்டும் ஒத்துப்போவதில்தான் சுகம் இருக்கிறது.

டெஃப்லான் துண்டின் பரப்பளவு இவ்வளவு முக்கியமில்லை. துண்டைப் பெரிதாக்கினால் உராய்வு கூடும் என்று நினைப்போம். பள்ளிக்கூட விதிப்படி கூடாது, டெஃப்லானில் அழுத்தம் குறைவதால் கொஞ்சம் கூடும். சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ என்பது நெடுநாளாகப் புழங்கும் அளவு. அதன்படி கீழே ஒவ்வொரு துண்டுக்கும் 6 கிலோ, ஆக 25 மி.மீ. சதுரம், மேலே ஒவ்வொன்றுக்கும் 3 கிலோ, ஆக 15-க்கு 20 மி.மீ. இதில் பாதியோ ஒன்றரை மடங்கோ ஆனாலும் குடி முழுகாது. மிகச் சிறிதாக வெட்டினால் நாளடைவில் டெஃப்லான் பிதுங்கும்.

டெஃப்லானை ஒட்ட முடியாது, எந்தப் பசையும் பிடிக்காது (ஒரு பக்கம் ரசாயனத்தால் அரித்த தகடு மட்டும் விதிவிலக்கு). சின்னத் திருகாணி போட்டு, தலை பரப்புக்குக் கீழே நன்றாகப் புதையும்படி குழித்துவிடுங்கள். தலை வெளியே தெரிந்தால் லேமினேட்டில் வட்டமாகக் கோடு விழும். கீழ்த்துண்டு மூன்றும் மூன்று கால்களுக்கு நேர் மேலே வர வேண்டும். அரைவட்டத்தின் விளிம்பில் லேமினேட்டை ஒட்டும்போது இணைப்பு எதுவும் துண்டுகள் ஓடும் பாதையில் வரக் கூடாது. குழாய் பக்கவாட்டில் நகர்ந்து பெட்டியில் உரசாமலிருக்க, உட்பக்கச் சுவரில் இரண்டு சின்ன டெஃப்லான் வில்லைகள். மைய போல்ட் துளையில் கனகச்சிதமாக இருக்க வேண்டும், நட்டை இறுக்க வேண்டாம். துளை தளர்ந்தால் திசை மாற்றும்போதெல்லாம் பெட்டி முதலில் நகர்ந்து, பிறகுதான் திரும்பும். எண்ணெய், கிரீஸ் கிட்டவே வரக் கூடாது, தூசியைச் சேர்த்துவிடும். மெழுகு பாலிஷ் லேசாகத் தேய்க்கலாம்.

இவ்வளவும் செய்தும் தாவுகிறது என்றால், டெஃப்லானைத் திட்டுவதற்கு முன் பெட்டியின் பக்கச் சுவரை மேல் விளிம்பில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சுவர் அசைந்தால் வில் அங்கேதான் இருக்கிறது. முன்பலகையை உயர்த்தி, மூலைகளுக்கு முட்டுக் கொடுங்கள். அடுத்து சமநிலை: குழாயின் ஈர்ப்பு மையம் அரைவட்டத்தின் மையத்திலேயே வர வேண்டும், நீளவாக்கில் மட்டுமல்ல, உயரவாக்கிலும். ஃபைண்டர் ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்தால், கிடையில் நிற்கும் குழாய் நிமிர்ந்ததும் பின்னால் சாயும். ஆகவே ஃபைண்டர், ஃபோகசர், வழக்கமான ஐபீஸ் எல்லாம் மாட்டி, குழாயைச் சமன்படுத்திப் புள்ளி குறித்த பிறகே அரைவட்டத்தைப் பொருத்துங்கள்.

இந்தக் கணக்கை அப்படியே பெரிய தொலைநோக்கிக்குக் கொண்டுபோகாதீர்கள். எல்லா அளவும் இரண்டு மடங்கானால் எடை சுமார் எட்டு மடங்கு, ஆரம் இரண்டு மடங்கு, கையின் நெம்புகோலும் இரண்டு மடங்கு. கைக்குத் தேவையான விசை எட்டு மடங்காகிறது. 8 அங்குலத்தில் உராய்வு போதாமல் பேரிங்கைப் பெரிதாக்குகிறோம், 16-இலும் 20-இலும் உராய்வைக் குறைக்கத்தான் வழி தேடுவோம். முன்னே சொன்ன 608 பேரிங் அங்கேதான் உள்ளே வருகிறது. மோட்டார் வைத்து நீண்ட நேரம் படம் பிடிக்கும் மவுண்டுகளுக்கும் இந்தப் பதில் பொருந்தாது. அங்கே தண்டின் விறைப்பும் கியரின் துல்லியமும்தான் பேச்சு. என் அனுபவமெல்லாம் கையால் தள்ளும் கருவிகளில்தான்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்றைக் குழாயின் முன்முனையில் கட்டி இரண்டு அச்சிலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகரத் தொடங்கும்போது காட்டும் எண்ணும் நகரும்போது காட்டும் எண்ணும் அருகருகே இருந்தால் வேலை முடிந்தது. குழாயின் எடை, உங்களிடம் இருப்பதிலேயே கனமான ஐபீஸின் எடை, சாய்வுச் சோதனையில் கிடைத்த கோணம் மூன்றையும் இங்கே எழுதினால் அரைவட்டத்தின் ஆரத்தை உங்கள் எண்களில் போட்டுத் தருகிறேன். அதுவரை பிளைவுட்டை அறுக்க வேண்டாம்.